தலைக்கு மேல் தொங்கும் துணி: பழைய காரின் கூரையும் அதன் வைத்தியங்களும்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களின் வாகன நிறுத்தத்தில், பத்துப் பதினைந்து வயதான கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், ஏசி குளிரும், பெயின்ட்கூட மங்கியிருக்காது. பின் இருக்கைக்கு மேலே மட்டும் கூரைத் துணி பிரிந்து இறங்கியிருக்கும். சில வண்டிகளில் குண்டூசி வரிசையாகக் குத்தி நிறுத்தியிருப்பார்கள். இன்னும் முற்றிய நிலையில், உயரமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் துணி அவர் தலைமேல் படியும். ஓட்டுபவருக்கு நடுக்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது. சீட் கவர் கடைக்காரர்கள் இதை ரூஃப் லைனிங் வேலை என்பார்கள்.

இந்தக் குறைக்கு ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் எல்லாம் பசையைச் சுற்றியே வருகின்றன. எந்தப் பசை, ஸ்பிரேயா பிரஷ்ஷா, எத்தனை டப்பா என்றே பேச்சு போகும். பசையைப் பற்றிய கேள்வி இரண்டாம் பட்சம்தான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர் வேலையைக் கேட்டு வாங்கும் விதமே மாறிவிடும்.

முதலில் கூரையின் வரலாறு கொஞ்சம். அம்பாசடர் காலத்துக் கூரை இப்படித் தொங்காது. அந்தத் தலைமுறைக் கார்களில் துணியோ ரெக்சினோ தையல்காரர் தைத்த பெரிய விரிப்பாக இருந்தது. அதன் பின்பக்கம் குறுக்கே சின்னச் சின்னக் குழல்களாகத் தையல் போட்டு, அவற்றுக்குள் வளைந்த இரும்புக் கம்பிகளைச் செருகுவார்கள். கம்பியின் இரு முனைகளும் கூரையின் ஓரச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். துணியின் விளிம்பைக் கண்ணாடி ரப்பருக்கு அடியில் இழுத்துச் செருகி ஒட்டுவார்கள். துணி அழுக்கேறும், தையல் விடும், எலி கடிக்கும். ஆனால் அதைத் தாங்கியது கம்பி என்பதால் ஒரேயடியாகச் சரிவதில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் தொடக்கக் காலக் கூரையும் கம்பியில் தொங்கிய ரெக்சின்தான்.

அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் வேறொரு முறை பரவியது. கூரையின் வடிவத்துக்கே அச்சில் வார்த்த ஒரு பலகை. கண்ணாடி இழை, பிசினில் ஊறிய அட்டை, சணல் போன்ற நார் என்று அது பலவகைப்படும். அதன்மேல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் ஃபோம், ஃபோமின்மேல் மெல்லிய பின்னல் துணி. தொழிற்சாலையில் மூன்றும் ஒரே துண்டாக வந்துவிடுவதால் காரில் தூக்கிப் பொருத்திக் கிளிப் போட்டால் வேலை முடிந்தது. ஒலியை உறிஞ்சும், தொட்டால் மெத்தென்றிருக்கும், அசெம்பிளி லைனில் நேரம் மிச்சம். இந்தியாவில் 1990களின் நடுவிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகளின் கார்கள் வரவர, இந்தக் கூரையும் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலை குறைந்த சிறு கார்கள் பலவற்றில் ஃபோம் அடுக்கே கிடையாது. பாலியஸ்டர் இழையை ஊசியால் குத்தி அழுத்திச் செய்த நெய்யாத் துணியை நேராகப் பலகையோடு சேர்த்து அச்சில் அழுத்திவிடுகிறார்கள். கையால் தடவினால் சொரசொரப்பு. பார்க்கவும் மலிவாகத் தெரியும். ஆனால் இருபது வருடம் ஆனாலும் இந்த விதமாகத் தொங்காது. தொங்குவதெல்லாம் மெத்தென்ற கூரையுள்ள விலை உயர்ந்த கார்கள். பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்கள் கூடினால் இந்தப் புலம்பல் கேட்காமல் இருக்காது. வாங்கும்போது கூடுதலாகக் காசு கொடுத்த அந்த மென்மையே பின்னால் கழுத்தை அறுக்கிறது.

ஏன் என்று பார்க்க, தொங்கும் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் போதும். துணியின் முதுகில் மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு தூள் ஒட்டியிருக்கும். பலகையிலும் அதே தூள். விரலால் தேய்த்தால் நாட்டுச் சர்க்கரை போல் உதிரும், கொஞ்சம் பிசுபிசுக்கும். பசை அங்கேயே இருக்கிறது. துணியும் கெட்டியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஃபோம்தான் செத்துப் போயிருக்கிறது.

பாலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள். மென்மையான ஃபோமாக 1950களில் சந்தைக்கு வந்தது. இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. எஸ்டர் வகை ஃபோமைக் காற்றிலுள்ள ஈரம் தாக்குகிறது: நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்பை வெட்டுகிறது, வெட்டும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்துகிறது. ஈதர் வகை ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜனும் ஒளியும் சூடும் சேர்ந்தால் அதுவும் மொறமொறத்து உடையும். இரண்டுக்கும் வெப்பம் கூடக்கூட வேகம் கூடும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 1960களின் நாற்காலிகளையும் கலைப்பொருட்களையும் பாதுகாப்பவர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இதே ஃபோமோடுதான். நம் வீட்டில் நான்கைந்து வருடம் பெட்டிக்குள் வைத்திருந்த விலை உயர்ந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொலபொலவென உதிர்வதற்கும், பழைய ஸ்பீக்கரின் ஓர வளையம் தொட்டதும் நொறுங்குவதற்கும் காரணம் இதே குடும்பச் சண்டைதான். எனவே கார்க் கூரை தொங்குவது யாரோ ஒருவர் சரியாக ஒட்டாததால் அல்ல. அந்தப் பொருளின் ஆயுள் அவ்வளவுதான்.

ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்தும் இடம். 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெம்பி நகரில், வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் காற்று சராசரியாக 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் 38, 48. பெங்களூரு டெம்பி அல்ல. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால் இங்கே ஏப்ரலில்கூட மாலையில் காற்று இதமாகிவிடும். ஆனால் பகல் வெயில் நேராகக் கூரைத் தகரத்தின் மேல் விழுகிறது. தகரத்துக்குக் கீழே சில மில்லிமீட்டரில் இருக்கிறது அந்த ஃபோம். அலுவலகத்துக்குக் காலை ஒன்பதுக்கு வந்து, திறந்த மைதானத்தில் நிறுத்தி, இரவு எட்டுக்கு எடுக்கிற கார், வாரத்தில் ஐந்து நாள் இந்தச் சூட்டை முழுதாக வாங்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் எட்டிப் பார்க்கும் ஊர் என்பதால் ஜூன் முதல் அக்டோபர், நவம்பர் வரை ஈரத்துக்கும் குறைவில்லை. எஸ்டர், ஈதர் இரண்டு வகைக்கும் இங்கே எதிரி உண்டு.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கென்றே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓசூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. வெள்ளிக்கிழமை இரவு கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் என்று கிளம்பும் கார்கள் ஏராளம். கேஏ 51 எண்பலகையோ டிஎன் 70 எண்பலகையோ, இந்தக் கார்கள் வாரத்தில் இரண்டு நாள் வேலூர் வெயிலில் தெருவோரம் நிற்பவை. பெங்களூருவின் இதமான காற்றை நம்பி இவற்றின் கூரை ஆயுளைக் கணக்கிட முடியாது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்த பிறகு, பல வீடுகளில் கார் வார நாட்களில் எடுக்கப்படுவதே இல்லை. ஓடாத கார் தேயாது என்று நினைப்போம். கூரையைப் பொறுத்தவரை, மூடிய கண்ணாடியோடு நாள் முழுக்க வெயிலில் நிற்பதைவிட ஓடுவதே மேல்.

மனிதர்கள் செய்யும் கெடுதலும் உண்டு. இன்டீரியர் கிளீனிங் என்று கூரையில் நுரை ஷாம்புவைத் தெளித்துப் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். நீராவி இயந்திரம் காட்டுகிறார்கள். எட்டு வயதைக் கடந்த காருக்கு இது பலப்பரீட்சை. அழுக்கு போகும், அடுத்த மழைக்காலத்தில் துணியும் பிரியும். கூரையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும் என்பது என் கட்சி. சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு நீர் உள்ளே கசிவதும் உண்டு. துணியில் காப்பிக் கறை மாதிரி வட்டம் தெரிந்தால் முதலில் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் புதுத் துணி போடுவது வீண்.

இனி வைத்தியங்கள். குண்டூசி, திருகு ஊசி, ஸ்டேப்ளர்: இவை துணியைப் பலகையோடு பிடித்து நிறுத்தும், அவ்வளவே. விற்கப் போகிற காருக்குக்கூட இதைச் செய்யாதீர்கள், வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஊசியில் பசையை ஏற்றித் துணிக்குள் செலுத்துவது அடுத்த தந்திரம். வெளிறிய துணியில் பசை ஊறி மஞ்சள் பொட்டுகளாக வெளியே தெரியும். தவிர, பசை போய் ஒட்டுவது உதிரும் தூளில். தூளோடு சேர்ந்து மறுபடி விழும். ஓரத்தை மட்டும் பிரித்து, ஸ்பிரே அடித்து, அழுத்திவிட்டுத் தருவதும் இதே கதைதான். ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது.

சரியான வேலை ஒன்றே ஒன்று. பலகையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டி, ஃபோம் ஒட்டிய புதுத் துணியைப் போட்டு, மறுபடி மாட்டுவது.

கழற்றுவதே பாதி வேலை. சன் வைசர், கைப்பிடிகள், கேபின் லைட், கதவு ரப்பர் பீடிங், தூண்களை மூடிய பிளாஸ்டிக் டிரிம் எல்லாம் வர வேண்டும். பதினைந்து வருடம் வெயில் தின்ற கிளிப்புகள் கை வைத்ததும் முறியும்; மாற்றுக் கிளிப் வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குவது புத்திசாலித்தனம். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, ஹாட்ச்பேக்கில் பின்கதவு வழியாகவும், செடானில் பெரும்பாலும் முன்பக்கப் பயணி கதவு வழியாகவும் பலகையை இரண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும். வளைத்தால் ஓரளவு வளையும். மடக்கினால் முறியும், முறிந்த கோடு புதுத் துணிக்கு அடியிலும் தெரியும். கூரையில் பின்பக்க ஏசி துவாரம் உள்ள ஏழு இருக்கை வண்டிகளில் இன்னும் ஒரு சுற்று வேலை கூடும்.

பிறகு சுரண்டல். துணியை இழுத்தால் ஒரே விரிப்பாக வந்துவிடும். தூளும் பிசினும் பலகையில் தங்கும். கெட்டியான நைலான் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்து, வேக்குவத்தில் உறிஞ்சி, மறுபடி தேய்க்க வேண்டும். இரும்பு பிரஷ் பலகையின் தோலையே உரித்துவிடும். கண்ணாடி இழைப் பலகை என்றால் அந்தத் தூசி தொண்டைக்குக் கேடு, முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் உட்காரக் கூடாது. மூலைகளிலும், விளக்குக்காக வெட்டிய குழியின் ஓரங்களிலும், சன் வைசர் பள்ளத்திலும் தூள் ஒளிந்திருக்கும். கையால் தடவினால் எதுவும் ஒட்டாத அளவுக்கு வர வேண்டும். ஒரு காருக்கு இதுவே அரை நாள் எடுக்கும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெங்களூருவின் ஜே.சி. ரோட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள சீட் கவர் கடைகளில் தமிழும் கன்னடமும் தக்கனி உருதும் கலந்து நடக்கிற பேரம் எல்லாம் துணியின் மீட்டர் விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. சுரண்டுவதற்கு யாரும் தனிக்கூலி கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. ‘காலையில் விட்டால் மதியம் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதிக்கு நாமும் மயங்குகிறோம். லீவு போட முடியாத ஊர் இது. அந்த அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. மேலோட்டமாகத் துடைத்து ஒட்டிய கூரை வண்டியை எடுக்கும் நாளில் பளிச்சென்றுதான் இருக்கும். தொழிலாளியைக் குறை சொல்வது எளிது. கூலியை நாம் எதற்குக் கொடுத்தோமோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார். பேரம் பேசும்போதே சுரண்டிய பலகையை ஒட்டுவதற்கு முன் காட்ட வேண்டும், வண்டியை மறுநாள்தான் எடுப்பேன் என்று சொல்லி, அதற்கு ஐநூறோ ஆயிரமோ கூடக் கொடுப்பதே எனக்குத் தெரிந்த ஒரே உத்தரவாதம்.

பசையைப் பற்றி இப்போது பேசலாம். வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கானது. நீர் கலந்த அந்தப் பசை காரின் சூட்டில் இளகும், ஈரத்தில் விட்டுக்கொடுக்கும். கூரைக்கு வேண்டியது செயற்கை ரப்பர் அடிப்படையிலான தொடுபசை. நம் கடைகளில் பரவலாகப் புழங்குவது ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற வெப்பம் தாங்கும் வகை. ஸ்பிரே டப்பாவில் 3எம் முதலிய கம்பெனிகள் கூரைத் துணிக்கென்றே தனியாக விற்பதும் உண்டு. தொடுபசையை இரண்டு பக்கமும் பூசி, கரைப்பான் ஆவியாகி விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். காத்திருக்காமல் ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டுக் கொப்புளம் கட்டும். பீடி, சிகரெட், வெல்டிங் பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. அடித்தள பார்க்கிங்கில் இந்த வேலையைச் செய்ய நினைக்கும் அப்பார்ட்மென்ட்வாசிகள் வாசனைக்காக இல்லாவிட்டாலும் தீக்காகவாவது மொட்டை மாடிக்குப் போவது நல்லது.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படிகிறது. அதன்மேல் ஒட்டிய துணி பிடித்ததுபோல் காட்டிவிட்டுப் பிறகு விடும். பெங்களூருவில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் மழை மிகுந்த மாதங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஓசூர் சாலையோரம் திறந்த வெளியில் ஒட்டுபவர்களுக்கு இன்னொரு எதிரி தூசி. பதத்துக்கு வரக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் லாரி ஒன்று போனால் போதும்.

துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பாதியை மடித்து வைத்து, மறுபாதிக்குப் பசை பூசி, உள்ளங்கையால் நீவிக்கொண்டே போவது வழக்கம். பள்ளங்களில் துணியை இழுத்துக் கட்டினால் சுருக்கமில்லாமல் அழகாகத் தெரியும், ஆனால் அந்த இழுவையே பிறகு துணியைப் பிய்த்தெடுக்கும். பள்ளத்தின் அடிவரை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் அடுத்த அங்குலத்துக்கு நகர வேண்டும். நீண்டு கொடுக்கும் பின்னல் துணியே இதற்குப் பொருத்தம். ஸ்வேட் போன்ற கனத்த துணியைக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் கனம் கூடினால் பசைக்குச் சுமையும் கூடும். ஃபோம் இல்லாத வெறும் துணி மலிவு. அதில் பலகையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் வெளியே தெரியும்.

பாதுகாப்பை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அந்தப் பை கூரையின் ஓரத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது கூரைப் பலகையின் விளிம்பைத் தள்ளிக்கொண்டுதான் அது கீழே விரிய வேண்டும். விளிம்பைத் தகரத்தோடு சேர்த்து ஒட்டுவதும், டிரிம்மைத் திருகாணி போட்டு இறுக்குவதும் அந்த வழியை அடைக்கும். தூண் டிரிம்மில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும். அத்தகைய காரை ஏர்பேக் தெரிந்த இடத்தில் கொடுப்பதே சரி. தீ இன்னொரு விஷயம். அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி காருக்குள் இருக்கும் பொருள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது. இந்தியாவிலும் இதற்கு ஐஎஸ் 15061 என்ற தரநிலை உண்டு. சோஃபாவுக்கான துணியை மீட்டர் கணக்கில் வாங்கிக் காரில் ஒட்டும்போது அந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. வாகனங்களுக்கென்று விற்கும் துணியைக் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவும் செய்து போட்ட புதுத் துணியின் முதுகிலும் பாலியூரித்தேன் ஃபோம்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது. அது குறையா என்றால், இல்லை. டெல்லியில் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் விதித்தது போன்ற தடை இங்கே கிடையாது. கர்நாடகத்தில் 15 ஆண்டு முடிந்த தனியார் கார், தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டாக ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளலாம்; 2022 ஏப்ரலில் மத்திய அரசு அதற்கான கட்டணத்தை 5,000 ரூபாயாக உயர்த்தியது. கட்டணம், வரி, சோதனை எல்லாம் கட்டி ஐந்து வருடம் ஓட்டப் போகிற காருக்குச் சில ஆயிரம் செலவில் பத்து வருடம் நிற்கும் கூரை தாராளம். கம்பெனியிலிருந்து முழுப் பலகையையே புதிதாக வரவழைப்பது பல மடங்கு செலவு. கிடைத்தாலும், இருபது வருடக் காருக்கு அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர் கூரையை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். தொங்கும் கூரை பெரிய குறை அல்ல. விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணம். புத்தம்புதுக் கூரைதான் கேள்வி கேட்க வைக்க வேண்டியது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவின் அவுட்டர் ரிங் ரோடு, சர்ஜாபூர் பக்கமும் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. முழுக்க மூழ்கிய காரில் கூரையில் பூஞ்சை பிடிக்கும், அதனால் துணியை மாற்றித்தான் விற்பார்கள். சீட் கவர், தரைவிரிப்பு, கூரை மூன்றும் ஒரே வயதில் புதிதாக இருந்தால், சீட் பெல்ட்டை முழுநீளம் வெளியே இழுத்து அடிமுனையில் சேற்றுக்கோடு தெரிகிறதா என்றும், கேபின் லைட்டைக் கழற்றி உள்ளே திருகாணி துருவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், அடுத்த காரைப் பார்க்கப் போய்விடலாம்.